கீழிருந்து மேலே

விழுந்துடாதே. என் தங்கமில்ல, விழுந்துடாதே. இன்னும் கொஞ்சம்தான். இதோ, இந்த ஓரத்துல ஒட்டிக்கோ. ஆ, அப்படித்தான். இப்ப அந்தப் பக்கம். எங்கே அவசரம் உனக்கு?

அவள் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தது குழந்தையிடம் அல்ல, பட்டாணி அளவு உருகிய இரும்பிடம். வாய் திறக்கவில்லை. முகமூடிக்குள் உதடுகள் இறுகித்தான் இருந்தன. மனசு மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

செங்குத்தாக நிறுத்திய இரண்டு தகடுகள். நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கீழே தொடங்கி மேலே வரைக்கும் இரும்பால் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். உருகிய இரும்புக்கோ கீழே வழிவதில்தான் ஆசை. அதை இடது ஓரத்தில் கொஞ்சம் நிறுத்தி, நடுவே தாமதிக்காமல் கடத்தி, வலது ஓரத்தில் கொஞ்சம் நிறுத்தி, படி ஏற்றுவது போல ஏற்ற வேண்டும். கை ஒரு நொடி தூங்கினாலும் போச்சு, மூக்கு ஒழுகியது மாதிரி தொங்கிவிடும்.

இன்று அவளுக்குத் தொங்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஏறியது. அடிவயிற்றில் ஏதோ குறுகுறுத்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கோட்டில் நிற்கும்போது அப்படி இருந்திருக்கிறது. அதற்கப்புறம் இப்போதுதான்.

அது தொழிற்பயிற்சிக் கல்லூரி. வயது வரம்பெல்லாம் கிடையாது; வேலை விட்டவர்களும் வேலையே பார்க்காதவர்களும் வந்து ஏதாவது ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டு போகிற இடம். வெல்டிங் வகுப்புக்கு அன்று கடைசித் தேர்வு. தகடு இரண்டையும் இணைத்துக் கொடுத்தால், அதிலிருந்து பட்டையாக அறுத்து, இயந்திரத்தில் வைத்து குதிரை லாடம் மாதிரி வளைப்பார்கள். இணைத்த இடம் பிளக்கக் கூடாது. பிளக்காமல் வளைந்தால் சான்றிதழ். எண்ணெய் சேமிக்கும் பெரிய பெரிய டாங்குகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்திருந்தார். தேறியவர்களை அங்கேயே வேலைக்கு எடுக்கப் போகிறார் என்று வகுப்பு முழுக்கப் பேச்சு.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். ஆசைப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்று வேண்டும் வேண்டும் என்று மனசு குதிக்குமா? குதித்தது.

வீட்டில் அவள் இன்னும் பாப்பா. அண்ணன் வைத்த பெயர். கல்யாணம் சரிப்படாமல் ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்த அன்று, வாசலில் நின்ற அண்ணன் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வா பாப்பா, முதல்ல சாப்பிடு" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷமும் அண்ணன் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிடித்துச் சொன்னது எது, பழக்கத்தில் சொன்னது எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிருந்தது.

அண்ணனுக்கு கேட், கிரில் செய்யும் பட்டறை. வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அவன் வெல்டு வைப்பான். அவள் பெயிண்ட் அடிப்பாள். செங்கல் நிற ரெட் ஆக்சைடு. அவளுடைய நகக்கண்ணில் அந்தச் சிவப்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். மருதாணி போடாமலே சிவந்த கை என்று அண்ணி கிண்டல் செய்வாள். அண்ணன் வெல்டிங் ராடைக் கையில் எடுத்தவுடன் "பாப்பா, கண்ணை மூடு" என்பான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சுவரில் நீல வெளிச்சம் துடிக்கும். தன்னுடைய நிழலும் அண்ணனுடைய நிழலும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தனை வருஷமும் பக்கத்தில் நடந்ததை அவள் நிழலாகத்தான் பார்த்திருந்தாள்.

போன வருஷம் இந்தக் கல்லூரியின் பக்கவாட்டு கேட் கீலைச் சரிசெய்ய அண்ணனோடு வந்தாள். பயிற்சிக் கூடத்தின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெளிச்சம் வந்ததும் வழக்கப்படி சட்டென்று முகத்தைத் திருப்பினாள். உள்ளே இருந்து ஒரு பெண் வந்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவளாக இருக்கும். தோல் அங்கி, கையில் முகமூடி.

"ஏன்க்கா திரும்பிக்கறீங்க? இதைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

அதுதான் டீச்சர் என்று அவளுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் உலகமே இல்லை. நடுவில் மட்டும் ஒரு குட்டிக் குளம். தங்க நிறத்தில் நடுங்கிக்கொண்டு, ஓரம் சுழித்துக்கொண்டு, பின்னாலேயே உறைந்துகொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளா இதையா எனக்குக் காட்டாம வெச்சிருந்தாங்க என்று தோன்றியது. யார் மீதும் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, முகமூடிக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல்.

மறுவாரமே பெயர் கொடுத்தாள். அண்ணன் முதலில் சிரித்தான். "உனக்கெதுக்கு பாப்பா இந்தச் சூடு?" பிறகு அவனே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான்.

இப்போது கடைசி வரிசையும் ஏறி முடிந்தது. ராடைத் தகட்டிலிருந்து விலக்கினாள். முகமூடியை நிமிர்த்தினாள். சுத்தியால் மேலே படிந்த கசடைத் தட்டியதும் அது நீளமாக, மொத்தமாக, தோல் உரிகிற மாதிரி கழன்று விழுந்தது. அடியில் வரிவரியாக, ஒரே சீராக இரும்பு. அவளுக்கே நம்ப முடியவில்லை. யார் போட்டது இது?

"டிரைவரண்ணே, இங்க பாருங்களேன்!" என்றாள்.

பக்கத்துத் தடுப்பிலிருந்து மஞ்சள் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெரிய தலை எட்டிப் பார்த்தது. முன்னாள் பஸ் டிரைவர். முதுகுவலியால் ஸ்டியரிங்கை விட்டவர். "அடேயப்பா! தங்கச்சி, தையல் மெஷின்ல தைச்சியா? எனக்குப் பாரு, கோழி கிளறின மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தகட்டை இடுக்கியால் பிடித்து எடுத்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். தரையில், இடுக்கி ஆறவைக்க வைத்திருந்த தண்ணீர் வாளி இருந்தது. தகட்டை அதற்குள் விட்டாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

நீராவி முகத்தில் அடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கூடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் வாரத்திலேயே டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த விஷயம்: சுடச்சுடத் தண்ணீரில் போட்டால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தானாக ஆற விடணும். வகுப்பில் ஒருவர்கூட இந்தத் தப்பைச் செய்ததில்லை. செய்ய அவர்களுக்குத் தோன்றாது. அவளுக்குத்தான் தோன்றும். பட்டறையில் அண்ணன் கழற்றிப் போடுகிற ஒவ்வொரு துண்டையும் வாளியில் முக்கி, துணியால் துடைத்து, உடனே பெயிண்ட் அடித்தே பழகிய கை. அந்த வாளியைப் பட்டறையில் கொண்டுவந்து வைத்ததே அவள்தான், சூடு ஆறும் வரை காத்திருந்தால் வேலை ஓடாது என்று. இன்று மனசு சந்தோஷத்தில் எங்கேயோ போய்விட்டது. கை பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது.

டீச்சர் வந்தாள். வாளியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"அக்கா..."

"தெரியும் டீச்சர்."

"பெயிண்ட் அடிக்கப் போறீங்களா இதுக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வருமா என்று வியந்துகொண்டே மூக்கைத் தேய்த்தாள். கையுறையின் கரி மூக்கில் ஒட்டியது.

"இதை வளைக்க முடியாதுக்கா. வளைச்சா உடையும். இதுக்கு மார்க் கிடையாது." டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மத்தியானத்துக்கு அப்புறம்தான் வளைக்கப் போறோம். அதுக்குள்ள முடிச்சு, ஆறவும் வெச்சுட முடியும்னா வேற தகடு தரேன். முடியுமா?"

முடியாது என்று அறிவு சொன்னது. ஒவ்வொரு வரிசையும் அவசரப்பட்டால் கெட்டுப் போகும் காரியம். ஆனால் அடிவயிற்றில் அந்தக் குறுகுறுப்பு அடங்கவே இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய தப்புக்குப் பிறகு மூலையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியவள் அவள். அந்தப் பழைய பெண்ணை உள்ளே தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. இன்னொரு தடவை அந்தக் குளத்தைப் பார்க்கக் கிடைக்கிறதே என்றுதான் இருந்தது.

"குடுங்க டீச்சர்."

டிரைவர் தன் தடுப்பிலிருந்து ஓடி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டார். "இதை நான் வெச்சுக்கறேன். இவங்க கையில தண்ணி அகப்படவே கூடாது. குடிக்கணும்னா என்கிட்ட கேக்கட்டும்."

திரை விழுந்தது. முகமூடி இறங்கியது.

முதல் வரிசைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். தகடுகளின் கூர்ந்த ஓரங்கள் உருகி, சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை திறக்கும். அந்த ஓட்டை பெரிதாகவும் கூடாது, மூடவும் கூடாது. அதை முன்னால் தள்ளிக்கொண்டே பின்னால் அடைத்துக்கொண்டு போக வேண்டும். சரியாகப் போனால் அதற்கு ஒரு சத்தம் உண்டு. தகட்டுக்குப் பின்பக்கம் யாரோ மெதுவாக ஊதுவது போல. முதல் மாதங்களில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதே இல்லை. டீச்சர் "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பாள். கேட்காமலே தலையாட்டுவாள். ஒரு நாள் "இல்ல டீச்சர், எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொன்னாள். அப்படி ஒன்றை வாய்விட்டுச் சொன்னதே பெரிய விடுதலையாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் கேட்டது.

இப்போதும் கேட்டது. வா, வா என்று அதை அழைத்துக்கொண்டு மேலே போனாள். இந்தத் தடவை கெஞ்சவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போகிற மாதிரி இருந்தது. ஒரு வரிசை, கசடு தட்டல், பிரஷ், அடுத்த வரிசை. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரோ "அவங்களை விடு" என்றார்கள். தோளில் வலி இருந்தது. அது வேறு யாருடைய தோளோ மாதிரி தூரத்தில் இருந்தது.

முடித்ததும் இடுக்கியால் எடுத்து, மேடையில் செங்கல் மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டிரைவர் கை தட்டினார். அவள் தன் தேர்வு எண்ணைத் தகட்டின் ஓரத்தில் அச்சுக் குத்தியால் அடித்து வைத்தாள். அப்புறம் அது ஆறுகிற வரை அதன் பக்கத்திலேயே நின்றாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருக்கிற மாதிரி.

மத்தியானம் கல்லூரி முழுக்கக் குடும்பங்கள். கடைசி நாளில் எல்லா வகுப்புகளும் தங்கள் வேலையைக் காட்டும் வழக்கம். நோயாளி பராமரிப்பு வகுப்புக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் மனிதனைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். முடி திருத்தும் வகுப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசம் என்று அறிவிப்பு.

அதனால்தான் அண்ணி வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பக்கம் முடி சுருள் சுருளாக இருந்தது. மறு பக்கம் எப்போதும் போல.

"என்ன அண்ணி இது!"

"சும்மா உட்காருங்க ஆன்ட்டின்னாங்க, உட்கார்ந்தேன். பாதி பண்ணும்போது உங்க அண்ணன் வந்து, நேரமாச்சு வளைக்கப் போறாங்கன்னு இழுத்துட்டு வந்துட்டாரு. நான் இப்ப எந்தப் பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறது?"

"சுருட்டைப் பக்கத்தை என் பக்கம் வை. எனக்கு ரெண்டாவது சம்சாரம் கிடைச்ச மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். அவன் சலவைச் சட்டை போட்டிருந்தான். மேடையில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு இன்னும் குனிந்து பார்த்தான்.

"இது நீ போட்டதா பாப்பா?"

"ஆமாண்ணா. முதல்ல போட்டது போச்சு. தண்ணியில முக்கிட்டேன்."

அண்ணன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நம்ம வாளி! ஐயையோ, நம்ம வாளி!"

வளைக்கிற இயந்திரம் கூடத்தின் நடுவில் இருந்தது. ஆள் உயரம் இருக்கும். கைப்பிடியை அடிக்க அடிக்க மேலிருந்து இரும்பு முட்டி ஒன்று இறங்கும். டீச்சர் ஒவ்வொருவருடைய தகட்டையும் வாங்கி அறுத்துப் பட்டைகளை அடுக்கினாள். முதலில் டிரைவருடையது. முட்டி இறங்கியது. பட்டை முனகியது. வளைந்தது. டீச்சர் அதை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தாள். "ஒரு சின்னக் கீறல் இருக்கு. அளவுக்குள்ளதான். பாஸ்." டிரைவர் உட்கார்ந்துவிட்டார். "என் முதுகைவிட நல்லா வளையுதே!"

அடுத்து அவளுடையது.

"நீங்களே அடிங்கக்கா" என்றாள் டீச்சர்.

கைப்பிடியைப் பிடித்தாள். அடித்தாள். முட்டி பட்டையைத் தொட்டது. இன்னொரு அடி. பட்டை நடுவே தாழ்ந்தது. அவள் மூச்சு விடவில்லை. பக்கத்தில் அண்ணனும் மூச்சு விடவில்லை என்பது தெரிந்தது. அண்ணி தன் புடவைத் தலைப்பை வாயில் கவ்வியிருந்தாள். இன்னொரு அடி. இரும்பு இழுபட்டது. பிளக்கிறதென்றால் டப்பென்று ஒரு சத்தம் வரும், இப்போது வரும், இதோ இப்போது.

வரவில்லை.

பட்டை லாடமாகிக் கீழே விழுந்து உருண்டது. டீச்சர் எடுத்தாள். விளக்கில் திருப்பினாள். நகத்தால் வருடினாள். மேற்பார்வையாளரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கட்டை விரலால் வளைவு முழுக்கத் தடவினார்.

"எந்த இடத்துல இணைச்சீங்க இதை?" என்றார்.

அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கூடத்தில் கிடையாது. எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். டிரைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். அதில் இருந்த தண்ணீர் அவர் காலணியிலேயே கொட்டியது. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள், தோல் அங்கியோடு, கரியோடு. "அக்கா, அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தே விட்டாள். இரண்டு தடவை. கனத்த பூட்ஸ் தரையில் இடித்த சத்தம் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

மேற்பார்வையாளர் கிட்டே வந்தார். "திங்கட்கிழமை வந்துடுங்கம்மா. டாங்குக்கு உள்ளே இறங்கி வேலை செய்யணும், பயமில்லையே?"

"இல்லைங்க."

"வீட்டுல பேசிக்கிட்டு, நான் கிளம்பறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் டிரைவரிடம் போனார். அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து ராடு அலமாரிப் பக்கம் கூட்டிப் போனான். கண் கலங்கியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, கேளு. அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டு வேலை இருக்குல்ல, எனக்குத் தரமாட்டேன்னாங்களே. சான்றிதழ் இருக்கற ஆள் பட்டறையில இருக்கணும்னாங்களே. இப்ப இருக்கில்ல! நம்ம வீட்டுலயே இருக்கு! நான் போட்ட வெல்டை விட உன்னுது நல்லா இருக்கு, சத்தியமாச் சொல்றேன். இனிமே நீ பெயிண்ட் பக்கமே போக வேணாம். போர்டுல உன் பேரையும் போடறேன். அண்ணனும் தங்கச்சியும். எப்படி?"

"அப்ப பெயிண்ட் யாரு அடிக்கறது?" என்றாள் பின்னாலேயே வந்த அண்ணி.

"நீ அடி. பாதி சுருட்டையோட பெயிண்ட் அடிச்சா வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும்."

அண்ணி அவன் கையில் ஓர் அடி வைத்தாள். அவன் சிரித்தான். தங்கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். நல்ல மனுஷன். தன்னிடம் இருக்கிறதில் பெரியதைத்தான் எடுத்து நீட்டுகிறான். வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்ட அதே முகம். அதை மறுக்க ஒரு காரணம் வேண்டுமே என்று அவள் உள்ளே தேடினாள். பட்டறையில் குறை இல்லை. அண்ணனிடம் குறை இல்லை. அண்ணிகூட அவளுக்குச் சொந்த அக்கா மாதிரி. குறை ஒன்றுமே இல்லாத இடத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்?

ஆனால் அவள் மனசு அப்போதே ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு உயர டாங்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரொலிக்கிற அந்த வட்டச் சுவருக்குள் தனியாக, அவளை யாரென்றே தெரியாத ஆட்கள் வெளியே நிற்க, கீழிருந்து முதல் வரிசையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆசைக்குக் காரணம் எதுவும் இல்லை. அது சும்மா இருந்தது, பசி மாதிரி. அதை யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வரும் என்று நினைத்தாள். வந்தது பயம் இல்லை. அதே குறுகுறுப்பு.

"என்ன பாப்பா, சரின்னு சொல்லு. அவர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், எங்க வீட்டுப் பொண்ணு எங்க பட்டறைக்குத்தான்னு."

அண்ணன் அப்போதே பாதி திரும்பியிருந்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். சலவை மடிப்பில் கரி ஒட்டியது.

"இல்லண்ணா" என்றாள். "நான் திங்கட்கிழமை அங்க போறேன்."

கூடத்தில் இன்னும் கூச்சல் ஓயவில்லை. இயந்திரத்தில் அடுத்தவருடைய பட்டை ஏறியிருந்தது. அண்ணனுக்குக் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ, தலையைச் சாய்த்துக்கொண்டு "என்ன?" என்றான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. சட்டையையும் விடவில்லை.

"பட்டறைக்கு வரலண்ணா" என்றாள்.